பேய் பேசலாம், பெண் பேசக்கூடாதா?

நம் நாட்டில் ஒரு பெண்ணை ஒரு அயோக்கியன் பலாத்காரம் செய்துவிட்டால், அவளுக்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியம் இன்னதென்பது எல்லோருக்கும் தெரிந்ததேயாகும். முதலில், "வாயைத் திறக்காதே, குடும்ப மானம் போய்விடும்" என்பார்கள். பிறகு, "உன் தலையெழுத்து, முன் ஜென்மத்துப் பாவம்" என்பார்கள். இவ்வளவு சொல்லியும் அவள் ராத்திரியில் அலறிக்கொண்டு எழுவதும், பகலில் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுமாக இருந்தால், "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்று கோடாங்கியிடம் இழுத்துக்கொண்டு போவார்கள். இந்த வைத்தியம் எதிலாவது அந்த அயோக்கியனுக்கு ஒரு சிறு சங்கடமாவது உண்டா என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கிடையாது. நோய் அவளுக்கு, அடி அவளுக்கு, செலவு அவள் தகப்பனுக்கு, வரும்படி பூசாரிக்கு. செய்தவனோ திருவிழாவில் முன்வரிசையில் நின்று திருநீறு வாங்கிக்கொண்டு போகிறான்.

இவையெல்லாம் மூடத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இன்று நாம் சொல்ல வந்தது அதற்கும் மேற்பட்ட சங்கதியாகும். அதாவது, மானத்தின் பேரால் அவள் வாயை மூடுவது அவள் நோயைத் தீர்ப்பதில்லை என்பது மாத்திரமல்ல. அந்த நோயைத் தீராமல் வைத்து வளர்ப்பதே அதுதான் என்பதாகும். இது நம் சொந்த அபிப்பிராயம் அல்ல. ஆட்களை எண்ணி, ஒரு முறையோடு மற்றொரு முறையை ஒத்துப் பார்த்து, பரிசோதனையால் கண்ட விஷயம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் எட்னா ஃபோவா என்கின்ற அம்மையார் இந்த ஆராய்ச்சியை நடத்தினார். இவர் 1937-ல் ஹைஃபா நகரத்தில் பிறந்தவர். அமெரிக்கா சென்று மனோதத்துவம் படித்து 1970-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1979-ல், அச்சத்தாலும் கவலையாலும் வரும் மன நோய்களுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தினார். ஓயாமல் கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற நோய்களைப் பற்றி ஆராய்ந்தவர், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களின் மனநிலையையும் ஆராயத் தொடங்கினார்.

அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 95 பெண்களை, அக்கிரமம் நடந்த சில நாட்களிலிருந்து வாரந்தோறும் பார்த்து வந்து, கண்டதை 1992-ல் வெளியிட்டார்கள். சுமார் 12 நாள் ஆனபோது, 100-க்கு 94 பெண்களிடம் இந்த நோயின் குறிகள் எல்லாம் இருந்தன. கெட்ட கனவு, திடுக்கிட்டு எழுவது, நடந்ததே கண் முன் மறுபடி நடப்பது போலத் தோன்றுவது, ஆளைக் கண்டால் ஒதுங்குவது, தூக்கம் இல்லாமை ஆகியவைதான் அந்தக் குறிகள். மூன்று மாதம் ஆனபோது 100-க்கு 47 பேரிடம் அவை அப்படியே இருந்தன.

இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் வாசகர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் எண்ணிக்கை, இது ஏதோ ஒருத்திக்கு மாத்திரம் வந்த கிறுக்கு அல்ல, கை முறிந்தால் வீங்குவது போல யாருக்கும் வரக்கூடியது என்பதைக் காட்டுகின்றது. 100-க்கு 94 பேரையும் ஒரே பேய் வரிசையாகப் பிடித்தது என்று எந்தப் பூசாரியாவது சொல்ல முன்வருவானா? இரண்டாவது எண்ணிக்கை, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் எந்தச் சாமியின் தயவும் இல்லாமலேயே குறிகள் தணிந்துவிடுகின்றன என்பதைக் காட்டுகின்றது. தாயத்துக் கட்டியவனுக்கும், மந்திரித்துக் கொடுத்தவனுக்கும் ஊரில் கிடைக்கும் பேர் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்குகின்றதா? தானாக ஆறிய புண்ணுக்குத் தட்சணை வாங்கிக்கொள்ளுகிறான். ஆறாத புண்ணுக்கு "உன் பக்தி போதாது" என்கிறான். இரண்டிலும் அவனுக்கு நஷ்டமில்லை.

"இதெல்லாம் பெண் புத்தியின் பலவீனம், ஆண் பிள்ளைக்கு வருமா?" என்று மீசையை முறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1914 முதல் 1918 வரை நடந்த பெரிய யுத்தத்தில் குண்டு மழையில் நின்ற சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் பேச்சற்றுப் போனார்கள், நடுங்கினார்கள், தூக்கத்தில் அலறினார்கள். இவர்கள் பெண்கள் அல்ல, கோழைகளும் அல்ல. அப்படியிருந்தும் அந்த யுத்தத்தில் ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றவர்களில், மனம் நொறுங்கிப்போன சிப்பாய்களும் இருந்தார்கள். அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல்தான் பார்லிமெண்டு மன்னிப்பு அளித்தது. செத்து 90 வருஷம் ஆனபிறகு! வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமையையும் பார்த்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்து நோய்ப் பட்டியலில் சேர்த்தது. துப்பாக்கி பிடித்த ஆணுக்கும், வயற்காட்டில் மடக்கப்பட்ட பெண்ணுக்கும் வருவது ஒரே நோய்தான்.

இனி, பாதிப் பேருக்குத் தணிகிற நோய் மற்றப் பாதிப் பேருக்கு ஏன் தணிவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். சங்கதியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது.

ஃபோவா அம்மையாரும் அவருடைய சகா ஒருவரும் 1986-ல் வெளியிட்ட கொள்கை இதுதான். ஒருத்தி அந்தி நேரத்தில், தோப்பு வழியில், பீடி நாற்றமடிக்கும் ஒருவனிடம் சிக்கிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து அந்தியும், தோப்பும், பீடி நாற்றமும் அவள் நினைவில் அபாயத்தோடு முடிச்சுப் போடப்பட்டுவிடுகின்றன. ஒன்றைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து எழுகின்றன. அந்தப் பயம் தாங்காமல் அவள் அந்தி ஆனால் கதவைச் சாத்துகிறாள். தோப்புப் பக்கம் போவதில்லை. நடந்ததை நினைக்கவும் மறுக்கிறாள், பேசவும் மறுக்கிறாள். அந்த நிமிஷத்துக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தி எல்லாம் ஆபத்தல்ல, நினைவு வேறு நிகழ்ச்சி வேறு, நடந்தது முடிந்துபோயிற்று என்பதை மனம் கற்றுக்கொள்ளச் சந்தர்ப்பமே இல்லாமல் போய்விடுகிறது. நாய் கடித்த குழந்தையை எந்த நாயின் பக்கமும் விடாமலே வளர்த்தால், அது கிழமாகும் வரையில் நாய்க்குட்டியைக் கண்டாலும் ஓடும் அல்லவா? ஆகவே ஒதுங்குவதும் ஒளிப்பதும்தான் இந்த நோயைக் காப்பாற்றி வைத்திருக்கும் வேலி.

இதற்கு அவர் கண்ட சிகிச்சையில் மந்திரமும் இல்லை, மர்மமும் இல்லை. முதலில் நோயின் தன்மையை அவளுக்கு விளக்கிச் சொல்லுகிறார்கள். பிறகு, அவள் சம்மதத்தின் பேரில், அவளை நம்புகிற ஒருவர் முன்னிலையில் கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பது போல ஆதியோடந்தமாக வாய்விட்டுச் சொல்லுகிறாள். ஒரு தடவை அல்ல, பல தடவை. அதைப் பதிவு செய்து வீட்டில் தானே கேட்கிறாள். இன்னொரு பக்கம், ஆபத்தில்லாத, ஆனால் தான் பயந்து ஒதுக்கிய இடங்களை எல்லாம் பட்டியல் போட்டு, பயம் குறைந்ததிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போய் வருகிறாள். ஒவ்வொரு தடவைக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம். 8 முதல் 15 தடவை. அவ்வளவுதான். முதல் தடவை உடம்பெல்லாம் நடுங்கச் சொன்ன அதே கதையை, கடைசியில் துக்கத்தோடு, ஆனால் நடுக்கமில்லாமல் சொல்லப் பெரும்பாலோருக்கு முடிகிறது.

"இப்படி எத்தனையோ பேர் சொல்லுவார்கள், பலித்ததற்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்பது நியாயம். அப்படிக் கேட்பதுதான் பகுத்தறிவு. 1991-ல் 45 பெண்களை நான்கு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்தச் சிகிச்சை. ஒரு பிரிவுக்குப் பயத்தை அடக்கும் பயிற்சி. ஒரு பிரிவுக்கு வெறும் ஆறுதல். ஒரு பிரிவு காத்திருந்தது. முடிந்த உடனே பார்த்ததில் பயத்தை அடக்கும் பயிற்சி முன்னே நின்றது; சில மாதம் கழித்துப் பார்த்ததிலோ, வாய்விட்டுச் சொன்னவர்கள் முன்னே நின்றார்கள். தன் சிகிச்சை உடனே முதலாவதாக வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்தார் அந்த அம்மையார். 2007-ல் அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்த 284 பெண்களிடம் நடந்த மற்றொரு பரிசோதனையில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 41 பேரும், வேறு விதமான பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 28 பேரும் நோய் நீங்கினார்கள். அதே பரிசோதனையில் இந்தச் சிகிச்சையை நடுவில் விட்டுவிட்டவர்கள் 100-க்கு 38 பேர் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள்.

தோழர்களே! எந்தக் கோவில் வாசலிலாவது, "இங்கு வந்தவர்கள் இத்தனை பேர், குணமானவர்கள் இத்தனை பேர், குணமாகாமல் போனவர்கள் இத்தனை பேர்" என்று ஒரு பலகை மாட்டியிருப்பதைக் கண்டதுண்டா? தன் தோல்வியை எண்ணிச் சொல்லுவதுதான் அறிவுக்கும் புரட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

"இது மகா பண்டிதர்களுக்கே ஆகும், நமக்கு எட்டாது" என்று ஒரு சாரார் சொல்லக்கூடும். அதையும் பரிசோதித்தாயிற்று. 171 பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிபுணர்கள் ஒரு பக்கமும், பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கு உதவும் ஒரு சங்கத்தின் ஊழியர்கள் மறு பக்கமும் சிகிச்சை செய்தார்கள். பலன் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2013-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், அப்படிப்பட்ட ஊழியர்களே 61 இளம் பெண்களுக்குச் சிகிச்சை செய்ததில், வெறும் ஆறுதல் பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும். பரம்பரையும் உபதேசமும் வேண்டியதில்லை.

"அது வெள்ளைக்காரிகளுக்குச் சரி, நம் பெண்களுக்கு ஒத்துவராது" என்பது அடுத்த ஆட்சேபம். ஆப்பிரிக்காவில் காங்கோ தேசத்தில், சண்டை ஓயாத 16 கிராமங்களில், பலாத்காரத்தால் பாதிக்கப்பட்ட 405 பெண்களிடம் நடந்த பரிசோதனை 2013-ல் வெளியாயிற்று. இது ஃபோவாவினுடைய முறை அல்ல; நடந்ததைப் பற்றிய தப்பெண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் மற்றொரு முறை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகும்படி அதை மாற்றி அமைத்து, பெண்களைக் கூட்டமாக உட்கார வைத்துச் செய்தார்கள். தனியாக ஆதரவு மாத்திரம் பெற்றவர்களைவிட அவர்கள் மிகவும் தேறினார்கள். காங்கோ கிராமத்துப் பெண்ணுக்கு ஒத்துவந்தது நம் கிராமத்துப் பெண்ணுக்கு ஏன் ஒத்துவராது? நம் பெண்ணின் மனம் மாத்திரம் மண்ணால் செய்ததா?

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். நடந்ததை நினைக்காமலும் பேசாமலும் ஒளிப்பது நோயை வளர்க்கும் என்று ஆராய்ச்சி சொல்லுகிறது. நம் சமூகமோ ஒளிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அமெரிக்கப் பெண் பயத்தால் தானாக ஒதுங்குகிறாள். நம் பெண்ணைத் தாய், தகப்பன், மாமன், ஊர்ப் பஞ்சாயத்து எல்லோரும் சேர்ந்து ஒதுக்குகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மானம்!

"கற்பழிப்பு" என்ற வார்த்தையைச் சற்றுப் பாருங்கள். திருட்டு என்றால் திருடனின் காரியத்தைக் குறிக்கிறோம். கொலை என்றால் கொலைகாரனின் காரியத்தைக் குறிக்கிறோம். இதற்கு மாத்திரம், அடிபட்டவளிடம் இருந்த ஏதோ ஒன்று அழிந்துபோனதாக வார்த்தை செய்து வைத்திருக்கிறோம். அக்கிரமக்காரனிடம் எதுவும் அழியவில்லையாம், அவளிடம்தான் அழிந்ததாம்! 1999-ல் ஃபோவாவும் மற்றவர்களும் இந்த நோயாளிகளின் எண்ணங்களை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். நோயை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் எண்ணங்களாக மூன்று வகையை அதில் கண்டார்கள்: "நான் ஒன்றுக்கும் ஆகாதவளாகப் போய்விட்டேன்" என்பது ஒன்று, "உலகமே ஆபத்து, யாரையும் நம்ப முடியாது" என்பது ஒன்று, "என்னால்தான் இது வந்தது" என்பது மற்றொன்று. இந்த எண்ணங்களை நம் பெண்களுக்கு நோயா கற்றுக்கொடுக்க வேண்டும்? தொட்டிலிலிருந்தே கற்றுக்கொடுத்தாகிவிட்டதே! புருஷன் வேஷத்தில் வந்து ஏமாற்றினவன் தேவேந்திரன். கல்லாய்க் கிடந்தவள் அகலிகை. தூக்கிக்கொண்டு போனவன் ராவணன். நெருப்பில் இறங்கினவள் சீதை. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண், தனக்கு ஒரு அக்கிரமம் நேர்ந்த மறுநாள் தன்னைப் பற்றி வேறு என்ன நினைப்பாள்?

இப்போது பேய்க்கு வருவோம். பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்படுகிறவர்கள் எல்லோரும் பலாத்காரம் செய்யப்பட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு புத்திசாலி வைதீகர், "கோடாங்கியும் அவளைப் பேசத்தானே வைக்கிறான்? உங்கள் அம்மையாரும் அதைத்தானே செய்கிறார்?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பதிலையும் கேட்கட்டும்.

உடுக்கை அடித்து, வேப்பிலையால் வீசி, சாட்டையைக் காட்டி, "யார் நீ? எங்கே பிடித்தாய்? ஏன் பிடித்தாய்?" என்று கோடாங்கி கேட்பது அவளை அல்ல, பேயை. பேய் பேசலாம், புருஷனைத் திட்டலாம், மாமியாரை ஏசலாம், ஊரையே சபிக்கலாம். எல்லோரும் கை கட்டிக் கேட்பார்கள். ஆனால் அவள் தன் பேரில், தன் வாயால், "இன்னான் எனக்கு இப்படிச் செய்தான்" என்று சொன்னால் கேட்க ஒருவரும் இல்லை. ஒரு கை முடியைப் புளியமரத்தில் ஆணி அடித்து, சேவல் அறுத்து, பேய் போயிற்று என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சொன்னது பேயானபடியால், சொன்னதற்கு விசாரணை இல்லை. செய்தவனுக்குத் தண்டனை இல்லை. அவள் மனதிலுள்ள முடிச்சும் அவிழவில்லை. மரத்தில் அடிக்கப்பட்ட ஆணி பேய்க்கு அல்ல, அவள் வாய்க்கு! அங்கே சாட்டைக்குப் பயந்து பேசுகிறாள். இங்கே சம்மதித்துப் பேசுகிறாள். அங்கே பேசினது அவளல்ல என்கிறார்கள். இங்கே பேசுகிறவள் அவளேதான். இந்த வித்தியாசம் வைதீகருக்குத் தெரியாததல்ல; தெரிந்தால் வரும்படி போய்விடுமே என்பதுதான் கவலை.

மன நோயாளியைச் சாமியிடம் ஒப்படைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடி ஒன்றே போதும். தர்காவை நம்பி உறவினர்களால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள், ஒரு காப்பகத்துக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியே 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி பிடித்த தீயில் சிக்கி, 28 பேர் மாண்டார்கள். கோவிலானால் என்ன, தர்காவானால் என்ன, சங்கிலி ஒன்றுதானே! மன நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது.

"பெண் வாயைத் திறந்தால் குடும்பம் அழியும்" என்பவர்களுக்கு வாச்சாத்தியைக் காட்டுவோம். தர்மபுரி ஜில்லாவில் அந்த மலைவாசிகளின் கிராமத்துக்குள் 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வன இலாகா, போலீஸ், ரெவினியூ சிப்பந்திகள் புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். அந்தப் பெண்கள் வாயை மூடவில்லை. கச்சேரிப் படி ஏறிச் சொன்னார்கள். 269 பேர் மீது வழக்கு நடந்து, அதற்குள் 54 பேர் இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பாயிற்று. 2023-ல் சென்னை ஹைக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. மானம் போயிற்றா? போயிற்று, ஆனால் யாருடைய மானம் என்பதுதான் கேள்வி! கோர்ட்டில் சாட்சி சொல்லுவது ஒரு சிகிச்சை என்று நாம் சொல்லவில்லை. நம்பாத வக்கீல் குறுக்கே கேட்பது புண்ணில் கோல் விட்டுக் கிளறுவதாகும். அந்தக் கஷ்டத்தையும் தாங்கி 31 வருஷம் நின்றவர்களைக் கோழைகள் என்று எவன் சொல்லுவான்?

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. பேய் இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்களில் சிலர், வீட்டில் ஒருத்தி அப்படி நடுங்கிக்கொண்டிருந்தால், "பேயாவது பூதமாவது, எல்லாம் மனப்பிராந்தி, தைரியமாய் இரு" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பேய் இல்லை என்பது வாஸ்தவம்; நோய் இல்லை என்பது பொய். "உன் பக்தி போதாது" என்ற பூசாரிக்கும், "உன் தைரியம் போதாது" என்ற தோழருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் குற்றத்தை நோயாளி தலையிலேயே கட்டுகிறார்கள்.

ஆத்திரப்பட்டு அடுத்த நாளே, "எல்லாவற்றையும் சொல்" என்று அவளை நெருக்குவதும் தப்பு. விபத்து நேர்ந்த உடனே ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்ல வைத்தால் நோய் வராது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் அதனால் பலன் இல்லை என்று கண்டார்கள். இங்கிலாந்தில் வாகன விபத்தில் சிக்கியவர்களை மூன்று வருஷம் கழித்துப் பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆரம்பத்தில் அதிகமாகக் கலங்கியிருந்தவர்களுக்கு அது தீங்காகவே முடிந்தது தெரிந்தது. உடனே அந்த வழக்கத்துக்கு எதிராக எழுதினார்கள். அறிவின் வழி இதுவே. ஆகவே முதல் நாட்களில் அவளுக்கு வேண்டியது பத்திரமான இடம், வைத்தியம், பக்கத்தில் நம்பிக்கையான ஒரு ஆள். வாரங்கள் கடந்தும் குறிகள் நீங்காவிட்டால், பயிற்சி பெற்ற மனோதத்துவ டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். வழி தெரியாதவர்கள், சர்க்கார் 2022-ல் தொடங்கிய 14416 என்ற மனநல டெலிபோனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செலவுக்குக் கோடாங்கிக்கு எடுத்து வைத்த பணத்தில் பஸ் சார்ஜுக்குக் கொடுத்தால் போதும்.

தகப்பன்மார்களே! தாய்மார்களே! உங்கள் பெண்ணுக்கு அப்படி ஒரு அக்கிரமம் நேர்ந்துவிட்டால், அவளிடம் முதல் முதலாக நீங்கள் சொல்லும் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்பதை இன்றைக்கே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். "வெளியில் சொல்லாதே" என்பீர்களா, "நீ சொல்லுவதை நம்புகிறேன், உன்மேல் குற்றமில்லை" என்பீர்களா? முன்னது அவளை ஆயுள் முழுவதும் அந்த இருட்டிலேயே அடைத்துவைக்கும் பூட்டு. பின்னதற்குக் காசு செலவில்லை, நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை, பூசாரி தயவும் வேண்டியதில்லை. செய்தவன் தலை குனியட்டும். அவள் நிமிர்ந்து பேசட்டும்.